டிவிடிக்குள் சாப்டர் வைப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து டிவிடி பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவை சாப்டர், அதாவது ரிமோட்டில் ஓர் அழுத்தில் தாவிப் போகப் படத்துக்குள் வைக்கும் குறி, பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளுக்கு ஒரே பதில்.

கே: வீட்டுக் கல்யாண டிவிடி 2 மணி 20 நிமிடம் ஓடுகிறது. சாப்டரே இல்லை. தாலி கட்டும் இடத்தைப் பார்க்க ரிமோட்டில் ஃபார்வர்டை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் கேட்டால், எம்பி4 ஆக மாற்றி மறுபடியும் டிவிடி ஆக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுக் கணினியிலேயே செய்ய முடியாதா?
*வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்*

ப: முடியும். எம்பி4 ஆக மாற்றவே கூடாது. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 முறையில் ஏற்கெனவே சுருக்கிய படம். அதை எம்பி4 ஆக்கும்போது ஒருமுறை, திரும்ப டிவிடி ஆக்கும்போது இன்னொருமுறை என்று இரண்டு தடவை சுருக்கினால், பட்டுப்புடவைக் கரையும் பூச்சரமும் குழைந்து போகும். அதோடு, கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் நொடிக்கு 50 அரைச்சட்டங்களாக (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் உள்ள பாதிப் படங்களாக) பதிவானவை. மாற்றும் மென்பொருள் அவற்றை 25 முழுச்சட்டங்களாகக் கலந்துவிட்டால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். அரைச்சட்டங்களின் வரிசை புரண்டுபோனால் நடப்பவர் எல்லாம் நடுங்குவார்கள். சாப்டருக்காக இத்தனை சேதம் தேவையில்லை. படத்தையும் ஒலியையும் தொடாமல், அவற்றைக் கட்டியிருக்கும் பொட்டலத்தை மட்டும் பிரித்து மறுபடி கட்டினால் போதும்.

அப்படியானால் டிஸ்கில் எது எங்கே என்று பிளேயருக்குச் சொல்லும் ஐஎஃப்ஓ ஃபைலில் நேரத்தை எழுதினால் ஆகிவிடாதா என்று கணினி தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஆகாது. ஐஎஃப்ஓவில் சாப்டர் என்பது ஒரு நேரத்தைக் காட்டுவதில்லை. ‘செல்’ எனப்படும் ஒரு துண்டின் தொடக்கத்தைக் காட்டுகிறது. உங்கள் டிவிடியில் மொத்தப் படமும் ஒரே செல்லாக இருக்கும். அதன் நடுவில் குறி வைக்க இடமே கிடையாது. படமும் ஒலியும் இருக்கும் விஓபி ஃபைலுக்குள் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒன்றாக வழிகாட்டிப் பொட்டலங்கள் புதைந்திருக்கின்றன. தான் எந்த செல்லைச் சேர்ந்தது என்ற எண் ஒவ்வொன்றிலும் உண்டு. புதிய செல் வேண்டுமென்றால் இவை அத்தனையும் மாற வேண்டும். அதனால்தான் பிரித்துக் கட்டுகிறோம்.

செய்முறை இது. முதலில் ஹார்டு டிஸ்கில் 15 ஜிபி காலி இடம் பார்த்துக்கொள்ளுங்கள். நிரம்பிய டிவிடி 4.37 ஜிபி; மூலம், பிரித்தது, கட்டியது என மூன்று நகல் ஒரே நேரத்தில் இருக்கும். டிஸ்கில் உள்ள வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை முழுதாக ஹார்டு டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள். டிஸ்கிலிருந்தே நேராக வேலை செய்ய வேண்டாம். ஒரு கீறலில் மாட்டினால் எல்லாம் பாதியில் நிற்கும்.

அடுத்து பிஜிசி-டிமக்ஸ் என்ற சிறிய இலவச மென்பொருள். அதில் விடிஎஸ்_01_0 என்று தொடங்கும் ஐஎஃப்ஓ ஃபைலைத் திறந்து, பிஜிசி (செல்களை ஓட வேண்டிய வரிசையில் சொல்லும் பட்டியல்) வாரியாகப் பிரிக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். படம், எல்லா ஒலித்தடங்கள், லாக் ஃபைல், செல்-டைம்ஸ் ஃபைல் ஆகிய நான்கையும் டிக் செய்யுங்கள். கிடைப்பவை: எம்2வி என்ற படம், ஏசி3 அல்லது எம்பி2 என்ற ஒலி, லாக், செல்-டைம்ஸ் என்ற டெக்ஸ்ட் ஃபைல்கள் இரண்டு. விஓபி ஃபைல்களைத் தனித்தனியாக எடுத்துப் பிரிப்பது பலர் செய்யும் தவறு. ஒரு விஓபி 1 ஜிபிக்கு மேல் போகக்கூடாது என்பதால்தான் படம் 1, 2, 3 என்று வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டு எங்கே விழுந்தது என்பதற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை. வசனத்தின் நடுவிலும் விழும்.

மூன்றாவது, மக்ஸ்மேன். புதிய டிவிடிக்கு வேண்டிய வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைக் கட்டித் தருவது இதுதான். எம்2வியையும் ஒலியையும் கொடுத்து, சாப்டர் பட்டியலை ஏற்றி ஓடவிட்டால், வேகமான கணினியில் ஒரு காபி குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். சுருக்கும் வேலை இல்லை, ஃபைலை நகர்த்துவதுதான் நடக்கிறது. பட்டியல் என்பது செல்-டைம்ஸ் ஃபைல்தான். நோட்பேடில் திறந்தால் வரிக்கு ஒரு எண் இருக்கும், எல்லாம் ஃபிரேம் (முழுச்சட்டம்) எண்கள். உங்களுக்கு வேண்டிய எண்களை ஏறுவரிசையில் சேர்த்துச் சேமியுங்கள். முதல் வரி 0 ஆக இருக்கட்டும்.

மெனுவும் வேண்டும் என்பவர்கள் டிவிடி-ஸ்டைலர் பயன்படுத்தலாம். தலைப்பின் (டைட்டில், அதாவது டிஸ்கில் உள்ள படத்தின்) பண்புகளில் சாப்டர் நேரங்களைக் காற்புள்ளி இட்டு எழுத ஒரு கட்டம் உண்டு. அங்கேயே படத்துக்கும் ஒலிக்கும் ‘காப்பி’ என்ற தேர்வு உண்டு. அதை வைக்காமல் விட்டால் மென்பொருள் மொத்தத்தையும் மறுபடி சுருக்கத் தொடங்கிவிடும். மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால் அதுதான் காரணம்; நிறுத்திவிட்டு அந்தத் தேர்வைப் பாருங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு டிவிடி-ஆதர் இருக்கிறது. நேரங்களை ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதிக் கொடுத்தால் போதும்.

எரிப்பதற்கு (வெற்று டிஸ்கில் எழுதுவதற்கு) முன் புதிய ஃபோல்டரை விஎல்சி பிளேயரில் திறந்து ஒவ்வொரு சாப்டராகத் தாவிப் பாருங்கள். சரியாக இருந்தால் இம்க்பர்ன் போன்ற ஒன்றில் எரிக்கலாம். 16 மடங்கு வேகம் என்று போட்ட டிஸ்கை 8 மடங்கில் எரிப்பது நல்லது. ‘வெரிஃபை’ (எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பது) கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போவது புதிதல்ல. எரிக்கும் நடுவில் போனால் அந்த டிஸ்க் வீண். யுபிஎஸ் இல்லாதவர்கள் பேட்டரி உள்ள லேப்டாப்பில் எரிக்கட்டும்.

கே: நேரத்தை எப்படித் துல்லியமாகக் கண்டுபிடிப்பது? 12 நிமிடம் 40 நொடி என்று கொடுத்தால் குறி கொஞ்சம் தள்ளி விழுகிறது.
*வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி*

ப: முதலில் கணக்கு. நம் நாட்டு டிவிடிகள் பால் (PAL) எனப்படும் டிவி முறை, நொடிக்கு 25 ஃபிரேம். 12 நிமிடம் 40 நொடி என்பது 760 நொடி. 25 ஆல் பெருக்கினால் 19,000. 1 மணி 12 நிமிடம் 40 நொடி என்றால் 4,360 நொடி, 1,09,000 ஃபிரேம். அமெரிக்காவிலிருந்து வந்த, அந்நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) டிஸ்க் என்றால் 29.97 ஆல் பெருக்க வேண்டும். சுலபமாக இருக்கட்டுமென்று 30 ஆல் பெருக்கினால், இதே இடத்தில் குறி 4 நொடிக்கு மேல் பிந்தி விழும். படம் நீள நீளப் பிழையும் நீளும்.

இனி, ஏன் தள்ளி விழுகிறது என்பது. எம்பெக்-2வில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. ஒரு முழுப் படம், அதன்பின் அதிலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் சொல்லும் ஃபிரேம்கள், மறுபடி ஒரு முழுப் படம் என்று தொகுப்புத் தொகுப்பாக வரும். பால் டிவிடியில் ஒரு தொகுப்பு அதிகபட்சம் 15 ஃபிரேம், அதாவது 0.6 நொடி. பல ரெக்கார்டர்கள் 12 ஃபிரேமுக்கு ஒன்று வைக்கின்றன. சாப்டர் தொகுப்பின் தொடக்கத்தில்தான் உட்கார முடியும். எனவே நீங்கள் கொடுத்த இடத்திலிருந்து அரை நொடி வரை முன்பின் நகர்வது இயல்பு. எந்த மென்பொருளிலும் அப்படித்தான். ஃபிரேம் பிசகாமல் வேண்டுமென்றால் அந்த இடத்தில் முழுப் படம் வருமாறு மறுபடி சுருக்க வேண்டும். கல்யாண வீடியோவுக்கு அது வீண் பிடிவாதம். காட்சி மாறும் இடத்துக்கு ஒரு நொடி முன்னால் குறி வையுங்கள், யாருக்கும் தெரியாது.

தாவியதும் ஒரு கணம் படம் கட்டம் கட்டமாகச் சிதறினால், அந்தத் தொகுப்பின் முதல் சில ஃபிரேம்கள் முந்தைய தொகுப்பை நம்பியிருக்கின்றன என்று பொருள். குறியை அடுத்த தொகுப்புக்கு நகர்த்திப் பாருங்கள்.

இடத்தைத் தேட இன்னொரு வழி ஒலி. ஏசி3 ஃபைலை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தால் (அதற்கு எஃப்எஃப்எம்பெக் நூலகம் சேர்த்திருக்க வேண்டும்) கெட்டிமேளம் எங்கே என்று கண்ணாலேயே தெரியும். நாயனமும் தவிலும் உச்சத்தில் போகும் அந்த அரை நிமிடம் மேலும் கீழும் கட்டியான சுவராக நிற்கும். அதற்கு 20 நொடி முன்னால் வைத்தால் புரோகிதர் தாலியை எடுத்துக் கொடுப்பதிலிருந்து பார்க்கலாம். கெட்டிமேளத்தின் மேலேயே குறி வைத்தால் முதல் முடிச்சு போன பிறகுதான் படம் வரும்.

எத்தனை சாப்டர் என்பதில் அளவோடு இருங்கள். ஒரு தலைப்புக்கு 99 வரை இடமுண்டு என்பதற்காக 60 வைத்தால், ரிமோட்டில் ‘நெக்ஸ்ட்’ அழுத்தியே கை வலிக்கும். பெண் அழைப்பு, வரவேற்பு, நலங்கு, மாலை மாற்றல், தாலி கட்டு, அம்மி மிதித்தல், மேடையில் பரிசு தருவோர், பந்தி என்று 8 முதல் 12 போதும். பரிசு தருவோர் வரிசை மட்டும் ஒரு மணி நேரம் ஓடும். அதற்குள் 10 நிமிடத்துக்கு ஒன்று வைத்தால் தங்கள் முகத்தைத் தேடும் உறவினர்கள் வாழ்த்துவார்கள்.

கே: மறுபடி கட்டிய டிவிடியில் வாயசைவும் பேச்சும் ஒட்டவில்லை.
*வாசகர், திருப்பாதிரிப்புலியூர்*

ப: படம் முழுக்க ஒரே அளவு பிசகா, போகப்போகக் கூடுகிறதா, ஓரிடத்துக்குப் பிறகு திடீரென்று பிசகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரே அளவென்றால் நீங்கள் லாக் ஃபைலைப் படிக்கவில்லை. பிஜிசி-டிமக்ஸ் அதில் ஒவ்வொரு ஒலித்தடத்துக்கும் எத்தனை மில்லிநொடி தாமதம் என்று எழுதிவைக்கும். கழித்தல் குறியோடும் வரலாம். அந்த எண்ணைக் குறி மாறாமல் மக்ஸ்மேனின் ஒலித்தடத் தாமதக் கட்டத்தில் எழுதிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ஓரிடத்துக்குப் பிறகு திடீரென்று பிசகினால் அங்கே டிஸ்கில் கீறல். படத்தில் சில ஃபிரேம்கள் காணாமல் போயிருக்கும், ஒலி அப்படியே இருக்கும், அல்லது நேர்மாறாக. வேறு டிரைவில் போட்டு மறுபடி காப்பி எடுப்பதுதான் தீர்வு. கீறலே இல்லாமல் அப்படியானால் மூலத்திலேயே அந்த இடத்தில் ரெக்கார்டரை நிறுத்தித் தொடங்கியிருப்பார்கள். படத்தையும் ஒலியையும் அந்த இடத்தில் இரண்டாக வெட்டி, இரண்டு பகுதிகளாகக் கொடுங்கள்.

போகப்போகக் கூடுவது அரிது. பின்னணிப் பாட்டு சேர்க்கிறேன் என்று சிடியிலிருந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டவர்களுக்கு வரும். டிவிடிக்கு 48 கிலோஹெர்ட்ஸ்தான். ஆடாசிட்டியில் முறையாக மாற்றிக்கொண்டு கொடுங்கள்.

கே: டிவிடி ரெக்கார்டரில் டிவியிலிருந்து பதிவு செய்தது. அதுவாகவே 5 நிமிடத்துக்கு ஒரு சாப்டர் வைத்திருக்கிறது. நீக்க முடியுமா?
*வாசகர், நெல்லிக்குப்பம்*

ப: சேர்ப்பதைவிட நீக்குவது எளிது. செல்கள் இருந்தபடி இருக்கட்டும். ஒரு சாப்டருக்குள் எத்தனை செல் வேண்டுமானாலும் இருக்கலாம். எனவே ஐஎஃப்ஓவை மட்டும் திருத்தினால் போதும், விஓபியைத் தொட வேண்டாம். பிஜிசி-எடிட் இதற்கென்றே உள்ள மென்பொருள். ஐஎஃப்ஓவோடு அதன் நகலான பியூபி ஃபைலும் மாற வேண்டும் என்பதை மறக்காதீர்கள்; மென்பொருளே செய்துவிடும், கையால் திருத்துபவர்கள்தான் மறப்பார்கள். எப்படியும் மற்ற இடங்களில் புதிய குறி வைக்கப் போகிறீர்கள் என்றால் முதல் பதிலில் சொன்னபடி பிரித்துக் கட்டுங்கள். வேண்டாத எண்களைப் பட்டியலில் எழுதாமல் விட்டால் தானாகப் போய்விடும்.

கே: எங்கள் ஊர்த் தெருக்கூத்து விடிய விடியப் பதிவாகி 4 டிவிடியில் இருக்கிறது. சாப்டரோடு ஒரே டிஸ்கில் கொண்டுவர ஆசை.
*வாசகர், பண்ருட்டி அருகில்*

ப: ஒரு டிஸ்க் என்பது நிறைவேறாத ஆசை. சாதாரண டிவிடியில் 470 கோடி பைட் இடம். 2 மணி நேரம் என்றால் படமும் ஒலியும் சேர்த்து நொடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும், நன்றாக இருக்கும். 3 மணி நேரம் என்றால் 3.5, 4 மணி நேரம் என்றால் 2.6. கூத்து மேடையின் வெளிச்சத்தில் வேகமாகச் சுழலும் அடவும், கண்ணாடி பதித்த புஜக்கட்டையும் கிரீடமும் மினுங்குவதும் சுருக்கத்துக்கு மிகக் கடினமானவை. 8 மணி நேரத்தைத் திணித்தால் கட்டியங்காரன் முகம்கூட அடையாளம் தெரியாது. நாலு டிஸ்க்கும் நாலாகவே இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் சாப்டர் மட்டும் வையுங்கள்: களரி கட்டுதல், கட்டியங்காரன் வருகை, ஒவ்வொரு வேடத்தின் திரைப் பிரவேசம். திரையைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து பாடத் தொடங்கும் இடம்தான் குறிக்குச் சரியான இடம். திரை விலகிய பிறகு வைத்தால் பிரவேசப் பாட்டு போய்விடும்.

இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு இரட்டை அடுக்கு டிஸ்கில் எரிக்கலாம். அதில் 850 கோடி பைட் இடம்; இரண்டும் முழுக்க நிரம்பியவை என்றால் கொள்ளாது, சேர்ந்து இந்த அளவுக்குள் இருக்க வேண்டும். இங்கே சாப்டர் இன்னொரு விதத்திலும் உதவும். முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதுக்கு லேசர் தாவும் இடம் ஒரு செல்லின் தொடக்கமாக இருக்க வேண்டும். முதல் அடுக்கு இரண்டாவதைவிடச் சிறிதாகவும் இருக்கக் கூடாது. படம் ஒரே செல்லாக இருந்தால் இம்க்பர்ன் தகுந்த இடமில்லை என்று நின்றுவிடும். நடுப்பகுதியைத் தாண்டி நாலைந்து சாப்டர் நெருக்கமாக வைத்தால் அதற்கு ஏதாவது ஒன்று கிடைக்கும். தாவும்போது படம் ஒரு கணம் நிற்பதை எல்லாப் பிளேயரிலும் தவிர்க்க முடியாது, அதனால் பாட்டு முடிந்து இருக்கும் இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொரு சாப்டரிலும் படம் நின்று நின்று போகிறது என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அது அடுக்கு தாவுவதால் அல்ல. தனித்தனி ஃபைல்களை ஒட்டி, ஒவ்வொன்றையும் ஒரு சாப்டர் ஆக்கியிருப்பீர்கள். ஒவ்வொரு ஃபைல் தொடங்கும்போதும் நேரக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் பிளேயர் மூச்சு வாங்குகிறது. ஒரே ஓட்டமான ஃபைலுக்குள் குறி வைத்தால் நிற்காது.

கே: சாப்டர் மெனுவில் தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் இடம் மாறி வருகின்றன.
*வாசகி, முத்தியால்பேட்டை*

ப: மெனு மென்பொருளின் எழுத்துக் கருவியை நம்பாதீர்கள். தமிழை ஜிம்ப் போன்ற படம் வரையும் மென்பொருளில் எழுதி, மெனுவின் பின்னணிப் படமாகவே கொடுத்துவிடுங்கள். மேலே எழுத்து இல்லாத வெறும் சட்டப் பொத்தான்களை வைத்து, ஒவ்வொன்றையும் உரிய சாப்டருக்கு இணையுங்கள்.

டிவிடி படம் 720க்கு 576 புள்ளி. ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 4:3 படத்துக்கு 768க்கு 576 அளவிலும், அகலப் படத்துக்கு 1024க்கு 576 அளவிலும் வரைந்து, கடைசியில் 720க்கு 576 ஆகச் சுருக்குங்கள். டிவியில் எழுத்து சரியான அகலத்தில் விரியும். பழைய பெட்டி டிவிகள் ஓரத்தை வெட்டும். பக்கங்களில் 72 புள்ளியும் மேலும் கீழும் 58 புள்ளியும் விட்டு எழுதுங்கள். மெல்லிய கோடுள்ள எழுத்துரு டிவியில் மினுமினுக்கும், தடித்ததே நல்லது. ஒரு பக்கத்துக்கு 6 பொத்தான் போதும். தலைப்பு முடிந்ததும் மெனுவுக்குத் திரும்பும் கட்டளையையும் கொடுங்கள், இல்லாவிட்டால் படம் முடிந்து கறுப்புத் திரையோடு நிற்கும்.

கே: பாரிசில் இருக்கும் அண்ணனுக்கும் அமெரிக்காவில் இருக்கும் தங்கைக்கும் ஒரே டிவிடி போதுமா?
*வாசகர், முதலியார்பேட்டை*

ப: அண்ணனுக்குப் போதும். பிரான்சிலும் டிவிடி பால் முறையே, நம்முடையது அப்படியே ஓடும். வீட்டில் எரித்த டிஸ்குக்கு வட்டாரப் பூட்டு (சில நாடுகளில் மட்டும் ஓடவைக்கும் தடை) கிடையாது. தங்கையின் வீட்டில் பழைய டிவிடி பிளேயர் என்றால் பால் ஓடாமல் போகலாம். கணினியில் எப்படியும் ஓடும். என்டிஎஸ்சி ஆக்குவதென்றால் படத்தை மறுபடி சுருக்கியே ஆக வேண்டும், ஃபிரேம் எண்களும் மாறும். ஒலி எம்பி2 ஆக இருந்தால் அமெரிக்கப் பிளேயருக்கு ஏசி3 ஆக்குவது பாதுகாப்பு. எங்கள் யோசனை, தங்கைக்கு ஃபைலாக அனுப்புங்கள்.

கே: டிஸ்க் 60 சதவீதம் காப்பி ஆனதும் கணினி உறைந்துவிடுகிறது. கடற்கரை ஓரம் இருப்பதால் உப்புக் காற்று பிடித்துவிட்டதா?
*வாசகர், கடலூர் முதுநகர்*

ப: உப்புக் காற்று டிஸ்கைவிட டிரைவின் லென்ஸைத்தான் முதலில் பிடிக்கும். டிவிடியில் பதிவு அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. சிடியைப் போல லேபிளுக்கு அடியிலேயே இல்லை. பிசின் லேபிள் ஒட்டியிருந்தால்தான் தொல்லை: ஈரப்பதம் மாறும்போது லேபிள் விரிந்து சுருங்கி டிஸ்க் வளையும், வேகமாகச் சுற்றும்போது ஆடும். எரித்த டிஸ்கில் விளிம்புதான் கடைசியாக எழுதப்படும், கைரேகையும் கீறலும் வளைவும் அங்கேதான் அதிகம். அதனால் 60, 70 சதவீதத்துக்கு மேல் திணறுவது வழக்கம்.

மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் பதிவின் போக்கிலேயே விழும். பிறகு வேறு டிரைவ். ஒரு டிரைவ் மறுத்த டிஸ்கை இன்னொன்று சாதாரணமாகப் படிப்பது உண்டு. சாதாரண காப்பிக்குப் பதில், படிக்காத பகுதியைத் தாண்டிப் போய்ப் பிறகு திரும்பி வந்து முயலும் டிடி-ரெஸ்க்யூ அல்லது ஐசோபஸ்டர் கொண்டு முழு டிஸ்கையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே நகல் ஃபைலாக எடுங்கள். இரவு முழுக்க ஓடலாம், ஓடட்டும். சாப்டர் வேலை அதற்குப் பிறகு.

கே: சிறிய டிவிடி போடும் பழைய ஹேண்டிகேம். அதன் டிஸ்கைக் கணினி காலி என்கிறது.
*வாசகி, வில்லியனூர்*

ப: ஃபைனலைஸ் (மற்ற கருவிகளிலும் ஓடும்படி பதிவை முடித்து மூடுவது) செய்யவில்லை. கேமரா இன்னும் வேலை செய்தால் அதிலேயே செய்யலாம். நடுவில் பேட்டரி தீர்ந்தால் டிஸ்க் போய்விடும், சார்ஜரைச் செருகிக்கொண்டு செய்யுங்கள். கேமரா செத்துவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் ஃபைனலைஸ் ஆகாத டிஸ்கிலிருந்தும் படத்தை எடுக்கும். 8 செ.மீ. டிஸ்கைத் தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும் போடுங்கள்; உறிஞ்சிக்கொள்ளும் டிரைவில் போட்டால் சிக்கிக்கொள்ளும். வீடியோ_டிஎஸ் இல்லாமல் டிவிடி_ஆர்டிஏவி என்ற ஃபோல்டர் இருந்தால் அது விஆர் முறைப் பதிவு. பிஜிசி-டிமக்ஸ் அதைத் திறக்காது. உள்ளே உள்ள விஆர்ஓ ஃபைல் எம்பெக்-2தான், அதை எம்பிஜி என்று பெயர் மாற்றி டிவிடி-ஸ்டைலரில் கொடுத்துச் சாப்டர் வைக்கலாம்.

கே: கடையில் வாங்கிய சினிமா டிவிடியில் பாட்டுகளுக்கு மட்டும் சாப்டர் வைக்க...
*வாசகர், சிதம்பரம்*

ப: காப்பி எடுக்காதபடி பூட்டுப் போட்ட டிஸ்கைத் திறக்கும் வழி இந்தப் பகுதியில் வராது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு அதைப் பற்றியது. உங்கள் சொந்தப் பதிவுகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

கே: புதிய லேப்டாப்பில் டிவிடி டிரைவே இல்லை, டிவியில் பென் டிரைவ்தான் போடுகிறோம். இன்னும் டிவிடி எதற்கு?
*வாசகர், அரியாங்குப்பம்*

ப: உங்களுக்குத் தேவையில்லை. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை ஒருமுறை காப்பி எடுங்கள். மேக்-எம்கேவி என்ற மென்பொருள் அதை, படத்தை மறுபடி சுருக்காமல், எம்கேவி என்ற வீடியோ ஃபைலாக ஆக்கித் தரும். அதன்பின் எம்கேவி-டூல்நிக்ஸில் உள்ள சாப்டர் எடிட்டரில் ஃபைலைத் திறந்து நேரங்களையும் பெயர்களையும் எழுதிச் சேமித்தால் முடிந்தது. இங்கே செல் தொல்லை கிடையாது, பொட்டலத்தைப் பிரிக்கவும் வேண்டாம். ‘தாலி கட்டு’, ‘பந்தி’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். விஎல்சி அப்படியே காட்டும். டிவிடியில் சாப்டருக்கு எண்தான், பெயர் மெனுப் படத்தில் மட்டும்.

இரண்டு எச்சரிக்கை. பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றுங்கள், ஆனால் உங்கள் டிவி அதைப் படிக்கிறதா என்று சின்ன ஃபைல் ஒன்றை வைத்து முதலில் பாருங்கள். அடுத்து, பல டிவிகளின் பிளேயர்கள் எம்கேவி படத்தை ஓட்டும், சாப்டரைக் கண்டுகொள்ளாது. அப்படியானால் எம்கேவி-டூல்நிக்ஸிலேயே சாப்டர் வாரியாகத் துண்டு போடும் வசதி இருக்கிறது. துண்டுகளின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்தால் டிவி வரிசையாகக் காட்டும்.